டீ குடிக்க நின்றால் எரியும் விளக்கு

வாசகர் கேள்வி, பட்டறை பதில்

கேள்வி: என்னுடையது 2013 மாடல் பெட்ரோல் கார். சென்னைப் பதிவு, நான் இரண்டாவது உரிமையாளர். 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எட்டு மாதமாக மீட்டர் போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு வருவதும் போவதுமாக இருக்கிறது. வந்தால் இரண்டு மூன்று நாள் எரியும், அப்புறம் தானாகவே அணைந்துவிடும். பிக்கப்பிலோ மைலேஜிலோ எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போகும் அன்று மட்டும் எரிவதே இல்லை. ஒரு இடத்தில் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று 4,800 ரூபாய்க்குப் புதிது போட்டார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தது, மறுபடி வந்துவிட்டது. இன்னொரு இடத்தில் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி, சரியாகிவிட்டது என்றார்கள். அதுவும் நிலைக்கவில்லை. இப்போது ஈசிஎம் (என்ஜின் கம்ப்யூட்டர்) மாற்ற வேண்டும், முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– பள்ளி ஆசிரியை, பொள்ளாச்சி

பதில்: மாற்ற வேண்டாம் டீச்சர்.

இந்தக் கடிதத்துக்கு நான் உடனே பதில் போடவில்லை. அதற்கு முன்னால் அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். சின்ன நோட்டு ஒன்றை வண்டியில் வைத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி எழுதச் சொன்னேன். எங்கே கிளம்பினீர்கள், வழியில் எங்கெல்லாம் என்ஜினை நிறுத்தினீர்கள், மழையா வெயிலா, ஏசி போட்டிருந்தீர்களா, விளக்கு வந்ததா, வந்தால் எந்த இடத்தில். விளக்கு வராத நாளையும் விடாமல் எழுத வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். வராத நாள்தான் பாதித் துப்பு.

இது எனக்கு ஒரு கஸ்டமர் கற்றுக்கொடுத்தது. கோவை கணபதியில் பட்டறை போட்ட புதிதில், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வருவார். அவர் கார் எப்போதாவது சிக்னலில் அணைந்துவிடும். என்னிடம் வந்தால் ஒழுங்காக ஓடும். நானும் பிளக் மாற்றினேன், பெட்ரோல் பில்டர் மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. நாலாவது முறை வரும்போது ஒரு டைரியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அணைந்த பதினொரு தடவையும் எழுதியிருந்தார். பதினொன்றும் இரவு. பதினொன்றிலும் ஹெட்லைட் எரிந்திருக்கிறது, அதோடு வைப்பரோ ஏசியோ ஓடியிருக்கிறது. கரண்ட் அதிகம் இழுக்கும்போதுதான் அணைகிறது என்று டைரியே சொல்லிவிட்டது. பேட்டரி தட்டைக் கழற்றிப் பார்த்தால், கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் ஒயரின் லக்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை முறுக்கிக் கொடுத்தேன். அரைமணி நேர வேலை. அன்றிலிருந்து, வந்து வந்து போகிற கோளாறு என்று யார் வந்தாலும் முதலில் நோட்டுதான்.

சரி, டீச்சர் கதைக்கு வருவோம். அவருக்கு வேலை வால்பாறையில். திங்கள் காலை பொள்ளாச்சியிலிருந்து ஏறுவார், வெள்ளி மாலை இறங்குவார். நடுவில் மூன்று நாள் பள்ளிக்கும் தங்கும் வீட்டுக்கும் மட்டும். பத்து வாரம் எழுதி அனுப்பினார். பத்து வாரத்தில் விளக்கு நாலு தடவை வந்திருந்தது. நாலும் திங்கட்கிழமை, நாலும் ஏறும்போது, நாலும் மலைப்பாதையின் நடுவே இருக்கும் அட்டகட்டியைத் தாண்டிய பிறகு. இறங்கும்போது ஒரு தடவைகூட இல்லை. மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நல்ல மழையில் ஏறிய இரண்டு திங்களில் ஒன்றில் வந்தது, ஒன்றில் வரவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: "இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அட்டகட்டியில் டீ குடிக்க நின்ற நாலு வாரமும் விளக்கு வந்தது. நிற்காமல் போன ஆறு வாரமும் வரவில்லை."

நான் சிரிக்கவில்லை. அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அதைப் புரிந்துகொள்ள, அந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். கோளாறு நடந்த நிமிடமே விளக்கு எரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலான கோளாறுகளுக்கு அப்படி இல்லை. என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஓட்டி, அணைப்பது வரை கம்ப்யூட்டருக்கு அது ஒரு பயணம். முதல் பயணத்தில் ஒரு கோளாறைப் பார்த்தால் அது விளக்கைப் போடாமல் சந்தேகக் கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளும். கோளாறுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் எண்ணைக் கோடு என்பார்கள்; சந்தேகத்தில் இருக்கும் இதற்கு ஸ்கேனரில் பெண்டிங் கோடு என்று பெயர். அடுத்த பயணத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் விளக்கு. அடுத்த பயணம் சுத்தமாகப் போனால் சந்தேகத்தை அழித்துவிடும். எரிந்த விளக்கு அணையவும் கணக்கு உண்டு: அடுத்தடுத்து மூன்று பயணம் கோளாறு இல்லாமல் ஓட வேண்டும். விளக்கு அணைந்த பிறகும் கோடு உள்ளேயே இருக்கும். அதற்கப்புறம் நாற்பது தடவை என்ஜின் குளிர்ந்து சூடானால்தான் அதுவும் போகும். ஓபிடி-2 என்கிற இந்த முறை அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயம். நம் நாட்டில் 2013 ஏப்ரலிலிருந்து, பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட கார்களுக்குக் கட்டாயமானது. 2010-லேயே பிஎஸ்-4 வந்த 13 நகரங்களில் சென்னையும் ஒன்று. டீச்சர் கார் சென்னையில் வாங்கியது, 2013 ஜூலையில் செய்தது. ஆக, இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தும்.

இப்போது டீயைச் சேர்த்துப் பாருங்கள். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கோளாறு வளைவில் ஏறும்போது நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்காமல் போனால் மொத்த மலையும் ஒரே பயணம். சந்தேகம் மட்டும் பதிவாகும். மறுநாள் வால்பாறைக்குள் பள்ளிக்குப் போகும்போது பெரிய ஏற்றம் இல்லை, சந்தேகம் அழிந்துவிடும். அட்டகட்டியில் என்ஜினை அணைத்து டீ குடித்துவிட்டுக் கிளம்பினால், மிச்சமிருக்கும் வளைவுகள் இரண்டாவது பயணம். அங்கேயும் அதே கோளாறு, உடனே விளக்கு. அப்புறம் ஊருக்குள் மூன்று சுத்தமான பயணம். புதன் வியாழனில் அணைந்துவிடும். அவர் முதல் கடிதத்தில் எழுதிய "இரண்டு மூன்று நாள்" இதுதான். ஒர்க்‌ஷாப்பில் ஏன் எரிவதில்லை என்பதற்கும் இதுவே பதில். ஒர்க்‌ஷாப்பெல்லாம் சமவெளியில் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை வண்டியை எடுத்து வரச் சொன்னேன். வரும்வரை பேட்டரி ஒயரை யாரும் தொடக்கூடாது, கோடு யாரும் அழிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். ஸ்கேனரை மாட்டினால் பி0135 இருந்தது. விளக்கு எரியாவிட்டாலும் கோடு இருக்கும் என்பதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு. அதைவிட முக்கியம், கோடு பதிவான நொடியில் என்ஜின் எப்படி இருந்தது என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்திருக்கும் படம். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். வேகம் 19 கிலோமீட்டர், என்ஜின் சுற்று 2,700, தண்ணீர்ச் சூடு 97 டிகிரி, என்ஜின் இழுக்கும் லோடு 84 சதவீதம். அந்த வேகத்தில் அவ்வளவு சுற்று என்றால் முதல் கியர். 84 சதவீத லோடு என்றால் நல்ல ஏற்றம். கொண்டை ஊசி வளைவைப் போட்டோ எடுத்து வைத்த மாதிரி இருந்தது. இதற்கு முன்னால் இரண்டு பட்டறையில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். கோடு நம்பரைப் பார்த்தவர்கள் இந்த நாலு எண்ணையும் பார்த்திருந்தால் டீச்சருக்கு எட்டு மாதம் வீணாகியிருக்காது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

பி0135 என்ன சொல்கிறது? ஆக்சிஜன் சென்சார் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. சைலன்சருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கரண்ட் சரியாகப் போகவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. அந்த சென்சார் முன்னூறு டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சீக்கிரம் சூடாக்க உள்ளே ஒரு குட்டி ஹீட்டர். நாலு ஒயரில் இரண்டு அந்த ஹீட்டருக்கு. ஒன்றில் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் வரும், இன்னொன்றை ஈசிஎம் எர்த் பண்ணும். இந்தப் பாதையில் ஃபியூஸ், ஒயர், ஒயரை ஒயரோடு சேர்க்கும் கப்ளர், அதற்குள் இருக்கும் பின், ஹீட்டர், ஈசிஎம் எல்லாம் உண்டு. எங்கே அறுந்தாலும் அதே கோடுதான் வரும். ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். மலை ஏறும்போது புகைக்குழாயே கொதிக்கிறது, ஹீட்டர் இல்லாமலே சென்சார் சூடாகத்தான் இருக்கும். அதனால் பெட்ரோல் கணக்கு தப்பவில்லை.

புது சென்சாரின் ஹீட்டரை மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஆறு ஓம். நல்ல சென்சார். ஃபியூஸ் சரி. சாவி போட்டால் கப்ளர் வரைக்கும் 12 வோல்ட் வருகிறது. அப்புறம் கண்ணால் பார்க்கும் வேலை. சென்சார் ஒயரை என்ஜின்மேல் பிடித்து வைக்கிற கிளிப் காணோம். முன்பே எப்போதோ உடைந்திருக்கும். அதற்குப் பதிலாக கப்ளரை பாடிப் பக்கத்து ஒயரோடு சேர்த்து பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருந்தார்கள். என்ஜின் ஆடும் பொருள், பாடி ஆடாத பொருள். இரண்டுக்கும் நடுவே அந்த ஒயர் துணி காயப்போடும் கொடி மாதிரி விறைப்பாக நின்றது.

என்னிடம் வேலை செய்யும் தம்பியை உள்ளே உட்காரவைத்து, ஹேண்ட்பிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்துக்கொண்டு முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விடச் சொன்னேன். நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். (இதைச் செய்யும்போது வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.) என்ஜின் இரண்டு விரல் அகலம் பின்னால் சாய்ந்தது. அடியில் இருக்கும் என்ஜின் மவுண்டின் ரப்பர் கிழிந்து பிளந்திருந்தது. பன்னிரண்டு வருட ரப்பர், பாவம். சமவெளியில் அவ்வளவு சாயாது. முதல் கியரில் முழு இழுவையோடு வளைவில் ஏறும்போது சாயும், சாயும்போது ஒயரை இழுக்கும்.

கப்ளரைக் கழற்றினேன். வெளியே பார்க்க நாலு பின்னும் பளபளவென்றுதான் இருந்தன. இங்கேதான் பலபேர் ஏமாறுவோம். அதே அளவில் ஒரு தனி ஆண் பின் என் பெட்டியில் வைத்திருப்பேன். அதை ஒவ்வொரு பெண் பின்னிலும் செருகிப் பார்த்தேன். மூன்று துளை பிடித்துக்கொண்டது, இழுத்தால்தான் வந்தது. நாலாவதில் செருகிக் கப்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், பின் தானாகக் கீழே விழுந்தது. ஹீட்டர் எர்த் ஒயர். அந்தப் பின் விரிந்துபோயிருக்கிறது. வண்டி நிற்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், என்ஜின் சாய்ந்து ஒயர் இழுபட்டால் விலகும். புது சென்சார் போட்டதும் மூன்று வாரம் ஏன் நன்றாக இருந்தது? கழற்றி மாட்டியதில் கொஞ்ச நாள் இறுக்கமாகப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெண் பின்னைப் புதிதாகப் போட்டு, ஒயரோடு சேர்த்து நசுக்கிக் கிரிம்ப் செய்தேன். ஆடுகிற இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பற்றவைத்த ஓரத்தில் ஒயர் விறைத்து முறியும். மவுண்ட் புதிது. கிளிப்புக்குப் பட்டறையிலேயே தகட்டில் ஒரு பிடி வளைத்துப் போட்டேன். எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். அதன் பிறகு ஆறு திங்கட்கிழமை ஆகிவிட்டது. ஆறு வாரமும் அட்டகட்டியில் நின்று டீ குடிக்கச் சொன்னேன். விளக்கு வரவில்லை, பெண்டிங் கோடும் இல்லை.

இதே மாதிரி கடிதம் மாதம் ஐந்தாறு வருகிறது, அதனால் மற்றவர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். சென்சார் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், "அந்தக் கப்ளர் வரைக்கும் வோல்ட் வருதான்னு பார்த்தீங்களா, பின் பிடிக்குதான்னு பார்த்தீங்களா" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஈசிஎம் மாற்ற வேண்டும் என்றால் இன்னும் அழுத்திக் கேளுங்கள். ஈசிஎம்முக்கு வருகிற பாசிட்டிவ், எர்த் இரண்டையும் என்ஜின் ஓடும்போது, லைட்டும் ஃபேனும் போட்டுப் பார்க்க வேண்டும். எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தப்பு எர்த்தில்தான். என் பட்டறைக்கு ஈசிஎம் போச்சு என்று சொல்லி வந்த வண்டிகளில் உண்மையாகவே ஈசிஎம் போனவை மிகக் குறைவு. அதிலும் பெரும்பாலும் வெள்ளத் தண்ணீர் ஏறியவை.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுவதைப் பற்றியும். அது வைத்தியம் இல்லை. கோடும் போகும், ஃப்ரீஸ் ஃப்ரேமும் போகும், ஐடிலிங்குக்கு என்ஜின் பழகி வைத்திருந்த கணக்கும் போகும். நோயாளியின் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு டாக்டரிடம் போவதற்குச் சமம்.

கேள்வி: மேம்பாலம் ஏறும்போது என்ஜின் விளக்கு விட்டுவிட்டு சிமிட்டுகிறது, வண்டியும் குலுங்குகிறது. இறங்கியதும் நின்றுவிடுகிறது. 2012 மாடல். அலுவலகம் 22 கிலோமீட்டர். இரண்டு வாரம் ஓட்டிச் சமாளிக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: சமாளிக்க வேண்டாம். நிலையாக எரிவதும் சிமிட்டுவதும் ஒன்று இல்லை. சிமிட்டினால் ஒரு சிலிண்டரில் மிஸ் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் சைலன்சரில் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். பிளக்கிலோ காயிலிலோ முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகிவிடும். சிமிட்டும்போது ஆக்ஸிலேட்டரில் காலைத் தளர்த்தி ஓரம் கட்டுங்கள், காய்ந்த புல் சருகுமேல் நிறுத்தாதீர்கள். ஸ்கேனில் பி0301 முதல் பி0304 வரை எது வருகிறதோ, கடைசி எண் சிலிண்டர் நம்பர். அந்தச் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடும் கூடவே நகர்ந்தால் காயில்தான். காசில்லாத சோதனை.

கேள்வி: போனில் இணைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். என் 2007 காரில் இணையவே மாட்டேன் என்கிறது. பழுதா?
– வாசகர், மதுரை

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. 2007-ல் நம் ஊரில் ஓபிடி-2 கட்டாயம் இல்லை. ஸ்டியரிங் கீழே அதே 16 பின் சாக்கெட் இருந்தாலும், அந்தக் கம்பெனிக்கு மட்டும் புரிகிற பாஷையில் பேசுகிற கார்கள் உண்டு. அந்தக் கம்பெனி வண்டிகளுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். ஸ்கேனரைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், நண்பர்களின் புது வண்டிக்கு உதவும். கோடு வந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட், அழிக்கும் பட்டனைத் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வண்டி நிற்கும்போதும் அது பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்த பிறகுதான் என் 2014 காரில் பி0171 என்ற கோடோடு விளக்கு எப்போதாவது எரிகிறது. பெட்ரோல்தான் காரணமா?
– வாசகி, சேலம்

பதில்: பெட்ரோல் மட்டும் காரணமாக இருக்காது. பி0171 என்றால் உள்ளே வரும் காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் ஊற்ற வேண்டும். பத்து சதவீதத்திலிருந்து இருபதுக்குப் போனால் கூடுதல் தேவை நாலைந்து சதவீதம். அதை ஈசிஎம் தானே சரிசெய்துகொள்ளும். ஏற்கெனவே எங்கேயோ காற்று கசிந்து, அதைச் சமாளிக்கக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்த வண்டிக்குத்தான் இந்த நாலைந்து சதவீதம் எல்லையைத் தாண்ட வைக்கும். பானட்டைத் திறந்து, காற்று பில்டரிலிருந்து என்ஜினுக்கு வரும் ரப்பர் குழாயின் மடிப்புகளைக் கையால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயையும் முனையில் அழுத்திப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் பெட்ரோல் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் ஃப்யூல் டிரிம் என்று இரண்டு எண்கள் இருக்கும், ஈசிஎம் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு அது. அவற்றை ஐடிலிங்கில் ஒரு தடவை, 2,500 சுற்றில் ஒரு தடவை குறித்து எனக்கு அனுப்புங்கள். ஐடிலிங்கில் மட்டும் கூடுதலாக இருந்தால் காற்றுக் கசிவு, சுற்று ஏற ஏற அதுவும் ஏறினால் பம்ப் அல்லது பில்டர் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும்.